பச்சை மஞ்சள் கம்பி

நெடுநாளாக எழுத எண்ணித் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பலன்று, வெட்கம்.

2018ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு பழைய மின்கித்தார் ஒலிபெருக்கிப் பெட்டி நன்கொடையாக வந்து சேர்ந்தது. கொடுத்தவர் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அந்தத் தோட்டத்தில் இன்று ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. முழுவதும் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் கோவிலும் அதன் முன்னே ஓர் அரச மரமும் மட்டும் எஞ்சியுள்ளன. பெரியவர் மகன் வீட்டோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். வீடு மாறியபோது பழைய பொருள்களையெல்லாம் கழித்தவர், இந்தப் பெட்டியை மட்டும் தூக்கி எறிய மனமில்லாமல் எங்கள் பள்ளி வாசலில் கொண்டு வந்து இறக்கினார்.

அவர் இளைஞராக இருந்தபோது தோட்டத்தில் ஓர் இன்னிசைக் குழு வைத்திருந்தாராம். அக்காலத்தில் பேராவில் அப்படிக் குழு இல்லாத தோட்டம் அரிது என்பார் என் தந்தையார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து போனபின், மலாயா முழுவதும் இளைஞர் கைகளில் கித்தார் ஏறியது. மலாய் இளைஞர்கள் 'பாப் யே யே' பாடினார்கள். நம் பிள்ளைகள் பகலில் பால் வெட்டிவிட்டு இரவில் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். பினாங்கில் ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகளான டேவிட்டும் லோகநாதனும் தொடங்கிய 'எல்லிகேட்ஸ்' குழு அந்த அலையில் எழுந்ததுதான். அவர்கள் ஹாங்காங் வரை சென்று வாசித்து, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்களானார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் வருந்தியது நினைவிருக்கும். தோட்டத்துக் குழுக்களுக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. தீமிதிக்கும் தீபாவளி இரவுக்கும் வாசித்தார்கள், அவ்வளவுதான்.

பெட்டியைக் கடையில் வாங்கவில்லையாம். ஈப்போவில் வானொலி பழுதுபார்க்கும் ஒருவர் தம் கையாலேயே வால்வுகளை வைத்துக் கட்டிக் கொடுத்தாராம். மரக்கூட்டைத் தோட்டத்துத் தச்சர் செய்தாராம். முன்பக்கத் துணி யாரோ ஒருவர் வீட்டுத் திரைச்சீலை! பெட்டியோடு ஒரு புகைப்படத்தையும் பெரியவர் எனக்குத் தந்தார். அகன்ற காற்சட்டையோடு நான்கு இளைஞர்கள் நிற்கிறார்கள். நடுவில் பாடகர். அவர் கையில் இருக்கும் மைக்கில் வெள்ளைக் கைக்குட்டை சுற்றப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பாடகர்களின் அலங்காரம் போலும் என்று எண்ணிப் படத்தை இசையறைச் சுவரில் மாட்டினேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு முடிந்தது (2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது). தேர்வுக்குப் பிந்திய வாரங்களில் அந்தப் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஐந்து பேரைச் சேர்த்து ஒரு சிறு இசைக்குழு அமைத்தேன். பரிசளிப்பு விழாவில் ஒரு தமிழ்ப் பாடலும் ஒரு மலாய்ப் பாடலும் வாசிப்பது எங்கள் திட்டம். கித்தார் வாசித்த மாணவன் நன்றாகப் படிப்பவன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருமுறை கேட்டதைத் திரும்ப வாசிப்பான். மாமன் கொடுத்த பழைய மின்கித்தார் ஒன்று அவனிடம் இருந்தது. வீட்டில் அதை வாசிக்கப் பெட்டி இல்லாததால், அதுவரை காதை மரத்தோடு ஒட்டிவைத்துக் கேட்டே பழகியிருந்தான்.

ஆகவே எங்கள் பெட்டியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிதான் ஒத்துழைக்கவில்லை. விசையைப் போட்டு ஒரு நிமிடம் வரை பேசாது. வால்வுகள் சூடேற வேண்டும் என்பதால் அது இயல்பே. பின்பு பேசும், இருபது நிமிடம் கழித்து நின்றுவிடும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பேசும். ஒலியளவுத் திருகியைத் திருப்பினால் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம் வரும். ஒருநாள் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு பல்லியின் எலும்புக்கூடும் அதைச் சுற்றி எறும்பு மண்ணும் கிடந்தன.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாமல் போனது முனகல். யாரும் வாசிக்காத நேரத்திலும் பெட்டி 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. தம்பூராச் சுருதி போல விடாத ஓசை.

அந்த முனகலால் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. கித்தாருக்கும் கீபோர்டுக்கும் சுருதி சேரவேயில்லை. கீபோர்டு வாசித்த மாணவி, "அவன்தான் சார் தப்பு" என்றாள். அவனோ தன் காது சரி என்று சாதித்தான். இரண்டு நாள் கழித்தே காரணம் புரிந்தது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதைப் பெட்டி தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளும்போது 100 அதிர்வுள்ள முனகல் எழும். அதனோடு 200, 300 என்று மேலோசைகளும் வரும். கித்தாரின் மூன்றாம் கம்பி 196 அதிர்வில் நிற்க வேண்டும். மாணவன் தன்னையறியாமல் அதைப் பெட்டியின் 200க்குச் சேர்த்துவிட்டு, மற்றக் கம்பிகளை அதற்கேற்பக் கட்டியிருந்தான். கீபோர்டு 196இல் நிற்க, நொடிக்கு நான்கு முறை ஓசை அலையடித்தது. தெனாகாவின் சுருதிக்கே கித்தாரைக் கூட்டிய அந்தக் காதை நான் என்னவென்று சொல்ல!

இனி வெட்கத்துக்குரிய பகுதி.

பள்ளி மண்டபத்து ஒலி அமைப்போடு பெட்டியை ஒரு வயரால் இணைத்தபோது முனகல் இரண்டு மடங்காகியது. விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து அனுபவமுள்ள ஒரு பெற்றோர் அன்று உடனிருந்தார். "பிளக்கைத் திறந்து எர்த்தைக் கழற்றிப் பாருங்க சார், சத்தம் போயிடும். நாங்க எல்லா இடத்துலயும் அப்படித்தான் செய்வோம்" என்றார். 'நிலத்தொடர்புக் கம்பி' என்று நல்ல தமிழில் எழுதலாம். ஆனால் நம் வீடுகளில் அதை 'எர்த்' என்றே சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். பிளக்கைத் திறந்தேன். பச்சையும் மஞ்சளுமாக உறை போட்ட கம்பியைக் கத்தரித்து, நுனியில் கறுப்பு நாடாவைச் சுற்றி மூடினேன். முனகல் பாதிக்கு மேல் அடங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பெருமையோடு திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

நான் ஆங்கில வழியில் மின்னியல் படித்தவனல்லன் என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் நான்காம் ஐந்தாம் ஆண்டுகளுக்கு அறிவியல் கற்பிப்பவன். மின்சுற்றுப் பாடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் பலமுறை வரைந்தவன். மூன்றாவது கம்பி எதற்காக இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நாங்கள் வளர்ந்த முறை அப்படி. பேரா ஆற்றின் குறுக்கே சென்டரோ அணையில் 1930இலேயே மின்சாரம் எடுத்துவிட்டார்கள். அது முதன்மையாகக் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக எடுத்த மின்சாரம். தோட்டத்து லயங்களுக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. எங்கள் தோட்டத்தில் மாலையில் ஜெனரேட்டர் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். நான் சிறுவயதில் கண்ட பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முள்தான். பின்னர் மூன்று துளைச் சுவர்ப்பெட்டிகள் வந்தபோது என்ன செய்தோம்? பேனா நுனியால் மேல்துளையைக் குத்தி, கீழ்த்துளைகளின் மூடி திறந்ததும் இரண்டு முள் பிளக்கைச் செருகினோம். இன்றும் எத்தனை வீடுகளில் அப்படிச் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மேலே இருக்கும் அந்தத் துளைதான் எர்த். எங்கள் தலைமுறைக்கு அது பேனாவைக் குத்துவதற்கான ஓட்டை.

கம்பியை வெட்டிய மறுவாரம் மாணவன் சொன்னான்: "சார், மைக்கு கடிக்குது சார்."

கித்தார்க் கம்பிகளில் கை இருக்கும்போது மைக் உதட்டில் பட்டால் எறும்பு கடித்தது போல் சுருக்கென்கிறதாம். நானும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான் காலணி அணிந்திருந்தேன், கித்தாரையும் பிடித்திருக்கவில்லை. சில நாள் கடித்தது, சில நாள் கடிக்கவில்லை. அவன் மூன்று முறை சொன்னான். முதல் முறை, "உதட்டை ஒட்டி வைக்காதே" என்றேன். இரண்டாம் முறை, "செருப்பைப் போட்டுக்கொண்டு வாசி" என்றேன். மூன்றாம் முறை என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஏதோ வேலையாக இருந்திருப்பேன்.

அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை மாலை அது. மதியம் தொடங்கிய மழை விடவேயில்லை. மண்டபத்து வாசலில் தண்ணீர் ஏறி, சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. நடனப் பயிற்சிப் பிள்ளைகளோடு சேர்ந்து இவர்களும் காலணிகளை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். பாட்டுக்கு முன் குழுவினரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு அவனுக்கு. இடக்கை கித்தார்க் கம்பிகளின்மேல் இருந்தது. வலக்கையால் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கப் பிடித்தான்.

கத்தவில்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வாய் திறந்தபடி நின்றான், தோள்கள் மட்டும் குலுங்கின. விளையாடுகிறான் என்று இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். புரிந்ததும் நான் அவனை நோக்கி ஓடினேன். "தொடாதீங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிற்றுண்டிச்சாலையில் பணிபுரியும் அக்கா. அவர் கணவர் தோட்டத்தில் மின்சார வேலை பார்த்தவர். அவர் என்னிடமும் வரவில்லை, மாணவனிடமும் போகவில்லை. நேராகச் சுவருக்குப் போய் விசையை அணைத்தார். பையன் கித்தாரோடு மடங்கி விழுந்தான். எல்லாம் சேர்ந்து நான்கைந்து நொடிகள் இருக்கலாம். நான் அவனைத் தொட்டிருந்தால் இருவராகியிருப்போம்.

மூச்சு இருந்தது, நினைவும் இருந்தது. இடக்கை விரல் நுனிகளில் நான்கு வெண்மையான கோடுகள் விழுந்திருந்தன. மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பதிவு செய்து, சில மணி நேரம் வைத்துப் பார்த்து, இரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவன் தாயார் தொழிற்சாலையில் பிற்பகல் வேலையில் இருந்தவர், சீருடையோடு மருத்துவமனைக்கு வந்தார். மகனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபத்தை எதிர்பார்த்து நின்றேன். அவர் சொன்னது வேறு:

"சார், அந்தப் பெட்டிய அவன் கெடுத்துட்டானா சார்? எவ்வளவு ஆவும்னு சொல்லுங்க, மாசாமாசம் கட்டிடறேன். அவனக் குழுவுல இருந்து எடுத்துடாதீங்க."

நான் இருபத்தோராண்டு ஆசிரியராக இருந்த பின் கேட்ட சொற்கள் இவை. நம் பெற்றோர்கள் பலருக்குப் பள்ளியில் என்ன நடந்தாலும் தவறு தம் பிள்ளையுடையதே என்ற எண்ணம் எப்படி வந்தது? நாமே அப்படிப் பழக்கிவிட்டோமோ? அந்த நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். கம்பியை வெட்டியவன் நான், மகன் மூன்று முறை சொல்லியும் கேளாதவன் நான் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவன் வீட்டுலயும் சொன்னான் சார், மைக்கு கடிக்குதுன்னு. சார்கிட்ட சொல்லுடான்னு சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதையே எழுத்தில் கொடுத்தேன். அந்த விவரங்கள் இங்கே வேண்டாம்.

பெட்டியை உடைத்து விறகாக்கிவிடலாம் என்றிருந்தது. ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமல் விடக்கூடாது என்று தோன்றியதால், ஈப்போ பழைய நகரத்தில் வால்வு வானொலிகளை இன்னும் பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டு சென்றேன். அவர் மலாயில் பேசினார், இடையிடையே தோட்டத்துத் தமிழும் வந்தது. பெட்டியைத் திறந்ததும் என்னைக் கைகட்டி நிற்கச் சொன்னார். பிளக்கைக் கழற்றிய பின்னும் இத்தகைய பெட்டிக்குள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாமாம். முதலில் அதை இறக்கிவிட்டே கை வைத்தார். பெற்றோர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வால்வுப் பெட்டியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது, நாமும்தான். நான் பல்லியைப் பார்த்த அன்று கை வைக்காமல் விட்டது என் நல்லகாலம்.

பின்னர் அவர் மீட்டரின் ஒரு முனையைச் சுவர் எர்த்திலும் மறுமுனையைப் பெட்டியின் உலோகத் தட்டிலும் வைத்து, சற்று நேரம் மின்சாரம் கொடுத்தார். முள் இருநூறைத் தாண்டி நின்றது. அந்தத் தட்டோடுதான் கித்தார் வயரின் உறைக்கம்பி இணைந்திருக்கிறது. உறைக்கம்பி கித்தாரின் கம்பிகளோடு இணைந்திருக்கிறது. அதாவது மாணவன் விரல் வைத்த இடமெல்லாம் ஏறத்தாழ வீட்டு மின்சாரம்.

எப்படி வந்தது? பழைய பெட்டிகளில் இரைச்சலைக் குறைப்பதற்காக, மின்சாரம் வரும் கம்பிக்கும் உலோகத் தட்டுக்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கியை வைப்பது வழக்கமாம். நாற்பதாண்டுப் புழுக்கத்தில் அது உள்ளே சிதைந்து, மின்சாரத்தைத் தட்டுக்குக் கசியவிட்டிருக்கிறது. எர்த் கம்பி இருந்தவரை கசிவு அதன் வழியே நிலத்துக்குப் போய்விட்டது. நான் அந்த வழியை அடைத்தேன். ஆனாலும் மண்டப ஒலி அமைப்புக்குப் போட்டிருந்த இணைப்பு வயரின் மெல்லிய உறைக்கம்பி வழியே கசிவு போய்க்கொண்டிருந்தது. அந்த வயரின் முனையில் பற்றவைப்பு விட்டுவிட்டுப் பிடித்ததால்தான் சில நாள் கடித்தது, சில நாள் கடிக்கவில்லை. விபத்து நடந்த வெள்ளிக்கிழமையன்று, 'முனகல் இன்னும் குறையட்டும்' என்று அந்த வயரையும் நானே கழற்றி வைத்திருந்தேன். மைக்கோ ஒலி அமைப்பின் வழியே எர்த்தோடு இணைந்தது. இடையே மிச்சமிருந்த ஒரே வழி அவனுடைய இரு கைகளும் அவற்றுக்கிடையே உள்ள நெஞ்சும்.

முனகலுக்கும் விளக்கம் கிடைத்தது. பாதி முனகல், மின்சாரத்தைச் சமப்படுத்தும் பெரிய மின்தேக்கிகள் உலர்ந்துபோனதால் வந்தது. மீதி, பெட்டியும் ஒலி அமைப்பும் வெவ்வேறு சுவர்ப்பெட்டிகளில் எர்த் பெற்று, இணைப்பு வயராலும் சேர்ந்ததால் உண்டான வளையத்தால் வந்தது. இரண்டையும் ஒரே சுவர்ப்பெட்டியிலிருந்து எடுத்திருந்தால் பெருமளவு அடங்கியிருக்கும் என்றார். அதிலும் அடங்காவிட்டால், பாட்டு போகும் வயரில் ஒரு சிறு மின்மாற்றிப் பெட்டியை இடையிட வேண்டும். பிளக்கின் எர்த்தை ஒருபோதும் தொடக்கூடாது. இருபது நிமிடத்தில் நின்றதற்குக் காரணம், சூடேறினால் விரிந்து விலகும் ஒரு பற்றவைப்பு. அப்பளச் சத்தத்துக்குக் காரணம் திருகிக்குள் தூசு. மற்றவையெல்லாம் அரைமணி நேர வேலை.

அவர் முதலில் செய்தது புதிய மூன்று கம்பி வயரைப் போட்டதுதான். பச்சை மஞ்சள் கம்பியை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விட்டுப் பற்றவைத்தார். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால், மற்றவை அறுந்த பிறகே இது அறுமாம்.

இது நம் மண்டபத்தில் மட்டும் நடந்ததன்று. 1972 மே மாதம் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர், மேடையில் எர்த் சரியில்லாத நிலையில் மைக்கைத் தொட்டு, பார்வையாளர் கண்முன்னே இறந்தார். 1976இல் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் தம் வீட்டில் மின்கித்தார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி மாண்டார். இருவரும் தொழில்முறைக் கலைஞர்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் எம்மாத்திரம்?

"மண்டபத்தில் பாதுகாப்பு விசை இருந்ததே, அது ஏன் விழவில்லை?" என்று பின்னர்ப் பலர் கேட்டார்கள். நானும் கேட்டேன். உடலில் ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உணரலாம். பத்தைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாது. முப்பதைத் தாண்டினால் இதயத் துடிப்பே குலையக்கூடும். எங்கள் பலகையில் இருந்த கசிவுக் காப்பு விசை 100 மில்லி ஆம்பியருக்கானது. நம் வீடுகள் பலவற்றின் முதன்மை விசையும் அதே அளவுதான். அது கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கப் பயன்படும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு வேண்டியது 30 மில்லி ஆம்பியர் விசை. உங்கள் வீட்டுப் பலகையைத் திறந்து பாருங்கள், எண் அதன்மேலேயே அச்சிட்டிருக்கும். அதில் 'டி' என்ற எழுத்துள்ள சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் விசை விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மின்பணியாளரை அழையுங்கள். எங்கள் இசையறைக்கு 30 மில்லி ஆம்பியர் விசையைத் தனியாகப் போட்டோம். பணத்தில் பாதியைக் கொடுத்தவர், எனக்கு அந்த யோசனை சொன்ன அதே ஒலிபெருக்கி வாடகைக்காரர். தம் கடையிலுள்ள வயர்களையெல்லாம் சோதித்ததாகவும், எர்த் வெட்டப்பட்டவை பதினொன்று இருந்ததாகவும் சொன்னார். அத்தனையும் அவர் கையால் வெட்டியவை.

பெட்டியைக் கொடுத்த பெரியவருக்குச் செய்தி எட்டி, அவரே பள்ளிக்கு வந்தார். தம் பெட்டியால் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆயிற்றே என்று கலங்கினார். வெட்டியது நான் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுச் சுவரிலிருந்த புகைப்படத்தைக் காட்டினார்.

"அந்தக் கைக்குட்டை எதுக்குன்னு நெனச்சீங்க தம்பி?"

நான் விழித்தேன்.

தோட்டத்து மண்டபத்தில் இரண்டு துளைதான் இருந்ததாம். ஈப்போக்காரர் மூன்று கம்பி வைத்துக் கொடுத்தும், மூன்றாவதை மடக்கி நாடா சுற்றிவிட்டார்களாம். அன்று முதல் கையில் கித்தாரோடு யார் பாடினாலும் மைக் கடித்ததாம். அதற்காகவே கைக்குட்டை. வேர்வையில் நனைந்தால் கைக்குட்டையும் கடிக்கும், ஆகையால் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மாற்றுவார்களாம். "மைக்குன்னா கடிக்கும், அதான் மைக்குன்னு நெனச்சோம்" என்றார். அப்படியே பதினெட்டு ஆண்டுகள் வாசித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர் மகன்தான் சரியான மூன்று முள் பிளக்கை மாட்டி, எர்த்தை முறையாக இணைத்திருக்கிறார். அதைத்தான் நான் வெட்டினேன்.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் பெட்டி மேடையேறவில்லை. மாணவன் மரக்கித்தாரில் வாசித்தான். அவன் முன் மைக் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், வைக்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவன் வாசித்தது கேட்டிருக்காது. இன்று இளைஞனாகிவிட்டான். கோவில் நிகழ்ச்சிகளிலும் திருமணங்களிலும் வாசிக்கிறான் என்று தாயார் சொல்கிறார். இன்றும் மரக்கித்தார் மட்டுந்தான். மின்கித்தாரை மாமனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இடக்கைச் சுண்டுவிரல் நுனியில் இன்னும் சற்று உணர்வு குறைவு. வழியில் கண்டால் வணங்கி நலம் கேட்பான். நான்தான் அவன் விரல்களைப் பார்ப்பேன்.

பெட்டி இசையறையில் இருக்கிறது, இப்போது இருபது நிமிடத்தில் நிற்பதில்லை. மெல்லிய முனகல் ஒன்று இன்னும் உண்டு. சீனப் பெரியவர் அது வால்வுப் பெட்டிகளின் இயல்பு என்றார், அதை அப்படியே விட்டுவிட்டோம். பயிற்சி தொடங்கும் முன் மாணவர்களில் ஒருவர் காப்பு விசையின் பொத்தானை அழுத்தி விழவைத்து மீண்டும் ஏற்றுவார். பிறகே பிளக்கைச் செருகுவோம். சென்ற வாரம் நான்காம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி வாசிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "சார், இது என்னமோ பண்ணுது சார்" என்றாள். உடனே விசையை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். கித்தார் வாரின் கொக்கி அவள் தோளை உறுத்தியிருக்கிறது. கொக்கியைச் சரிசெய்து, பொத்தானை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தோம்.